கிளை அலுவலகக் கூட்ட அறைக்கு எந்த கான்பரன்ஸ் போன்?

இணையவழித் தொலைபேசி குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தலைமை அலுவலகத்தில் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளில் இயங்கும் பிபிஎக்ஸ் சர்வர், அதாவது அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம், இருக்கிறது. வேறு ஊரில் உள்ள கிளை அலுவலகத்தில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். வாராந்தரக் கூட்டத்தின்போது அவர்கள் சாதாரண மேசை போனில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். இங்கிருப்பவர்களுக்குப் பாதி வார்த்தைகள் கேட்பதில்லை. அவர்களுக்கு நல்ல கான்பரன்ஸ் போன் ஒன்று வாங்கித் தர நினைக்கிறோம். எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: இப்போதுள்ள மேசை போன் ஏன் உதவவில்லை என்பதைப் பார்த்துவிட்டால், புதிதாக வாங்கும் கருவியில் எதைத் தேட வேண்டும் என்பது தானே தெளிவாகிவிடும். மேசை போனின் மைக், அரை மீட்டர் தொலைவில் அமர்ந்திருக்கும் ஒரே ஒருவருக்காக வைக்கப்பட்டது. தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேராக வந்து சேரும் குரலின் அளவு 6 டெசிபல் குறைகிறது; அரை மீட்டர் இரண்டு மீட்டராகும்போது 12 டெசிபல் போய்விடுகிறது. ஆனால் சுவரிலும் மேசைப் பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் மின்விசிறி, ஏசி ஆகியவற்றின் இரைச்சலும் அப்படிக் குறைவதில்லை. அவை அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிரம்பியிருக்கின்றன. எனவேதான் மேசைக் கோடியில் இருப்பவர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல மறுமுனையில் கேட்கிறது. கான்பரன்ஸ் போனில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மைக்குகளை வட்டமாக அமைத்து, பேசுபவர் இருக்கும் திசையை மட்டும் கூர்ந்து கேட்கும்படி செய்திருப்பார்கள். அந்தக் கருவிக்குக் கூடுதல் விலை கொடுப்பதன் முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் எதிரொலி. என் பார்வையில் முதல் காரணத்தைவிட இதுவே முக்கியமானது. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் குரல் கிளையின் ஸ்பீக்கரில் ஒலித்து, அறையில் சுற்றி, அங்குள்ள மைக்கினுள் மீண்டும் புகுந்து, பேசியவரிடமே திரும்பி வருகிறது. நல்ல கருவி, ஸ்பீக்கருக்கு என்ன ஒலி அனுப்பினோம் என்பதை அறிந்து, அது அறையில் எப்படி மாறித் திரும்பும் என்பதையும் தொடர்ந்து கணித்து, மைக்கில் விழுந்த ஒலியிலிருந்து அந்தப் பகுதியைக் கழித்துவிடுகிறது. அந்தத் திறன் இல்லாத கருவி சுலபமான வழியைத் தேடுகிறது: எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் தன் மைக்கை அடக்கிவிடுகிறது. தலைமை அலுவலகத்தில் ஒருவர் நீளமாகப் பேசிக்கொண்டிருக்கையில் கிளையிலிருந்து யாராவது “ஒரு நிமிடம்” என்று குறுக்கிட்டால், அந்தச் சொல் இங்கே வந்து சேர்வதே இல்லை. உங்களுக்குப் பாதி வார்த்தைகள் கேட்காமல் போவதில் இதற்குக் கணிசமான பங்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.340 என்ற பரிந்துரை, இந்த அடிப்படையில்தான் கையில் எடுக்காமல் பேசும் போன்களை வகைப்படுத்துகிறது: இரு பக்கமும் ஒரே நேரத்தில் குறைவின்றிப் பேச முடிந்தால் வகை 1, ஓரளவு முடிந்தால் வகை 2, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே என்றால் வகை 3. விவரத்தாளில் வகை எண் தரப்பட்டிருந்தால் நல்லது. வெறுமனே “ஃபுல் டூப்ளெக்ஸ்” (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று மட்டும் போட்டிருந்தால் அதை விளம்பரச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் வசதியுடன் ஒன்றை வாங்கிச் சோதித்துவிடுங்கள்.

சோதனை எளிது. புதிய போனைக் கிளை அலுவலக மேசையின் நடுவில் வைத்து அழைப்பை இணையுங்கள். கிளையில் ஒருவர் மேசைக் கோடியில் அமர்ந்து, ஒன்றிலிருந்து முப்பது வரை நிதானமாக எண்ணிக்கொண்டே போகட்டும். அவர் பத்தைத் தாண்டியதும் நீங்கள் இங்கிருந்து ஏதாவது ஒரு பத்தியை நிறுத்தாமல் வாசிக்கத் தொடங்குங்கள். பக்கத்தில் இருப்பவர், காதில் விழும் எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளட்டும். குறித்த எண்களில் பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாக விடுபட்டிருந்தால் அந்தக் கருவி வகை 3-ஐச் சேர்ந்ததுபோல நடந்துகொள்கிறது. எண்கள் எல்லாம் வந்து, ஒவ்வொன்றின் முதல் அசை மட்டும் தேய்ந்திருந்தால் அது நடுத்தரம். அதே கையோடு அவர் எழுந்து நின்று சுவர்ப்பக்கம் திரும்பியும் எண்ணிப் பார்க்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டே பேசுபவரின் குரல் எப்படிக் கேட்கும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

மைக் எத்தனை மீட்டர் வரை கேட்கும் என்ற விவரத்தாள் கணக்கு, இரைச்சல் அடங்கிய அறைக்கு உரியது என்பதை மறவாதீர்கள். கண்ணாடித் தடுப்பும் வெறும் தரையும் கொண்ட அறையில் அதில் பாதியை நம்புவதே மேல். எட்டுப் பேர் வட்ட மேசையிலோ சதுர மேசையிலோ அமர்ந்தால் ஒற்றைக் கருவி போதும். நீளமான மேசை என்றால், கூடுதல் மைக்குகளை இணைக்கும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். மைக்குகளைப் பின்னாளில் வாங்கினாலும், இணைக்கும் வாயில் முதலிலேயே இருக்க வேண்டும். அறையில் கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் போடுவது, அடுத்த விலைப்படியில் உள்ள போனை வாங்குவதைவிடப் பல நேரங்களில் அதிகப் பலன் தரும். இதை எந்த விற்பனையாளரும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. புரொஜெக்டருக்கும் திறந்து வைத்த மடிக்கணினிக்கும் அருகில் போனை வைக்காமல் இருப்பதற்கோ செலவே இல்லை.

குரலின் தெளிவு, கோடெக் எனப்படும் குரல் சுருக்க முறையையும் பொறுத்தது. பழைய தொலைபேசி முறையின் தொடர்ச்சியான ஜி.711, ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கொண்டு செல்கிறது. “ஸ”, “ஃப” போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலே இருப்பதால், பெயர்களும் ஆங்கில எழுத்துகளும் கூட்டத்தில் குழம்புகின்றன. ஜி.722, ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டு செல்கிறது, அதற்கும் ஜி.711-ஐப் போலவே நொடிக்கு 64 கிலோபிட்தான் செலவாகிறது. 1988-லேயே தரப்படுத்தப்பட்ட முறை என்பதால் இன்று விற்கும் கருவிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அது இருக்கும். ஆனால் இரு முனைப் போன்களிலும், நடுவில் உள்ள சர்வரிலும் அதை முதல் விருப்பமாக வைத்தால்தான் பயன் கிட்டும். யாராவது சாதாரணத் தொலைபேசி இணைப்பிலிருந்து சேர்ந்துகொண்டால், அவருடைய குரல் மட்டும் பழைய குறுகிய தரத்தில்தான் வரும். அதற்கு எந்தப் போனாலும் மருந்தில்லை.

கேள்வி: பெட்டியில் “எஸ்.ஐ.பி.” என்று அச்சிட்டிருந்தால் எந்த கான்பரன்ஸ் போனும் எங்கள் சர்வருடன் இணைந்துவிடுமா? பயன்படுத்திய போன்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன, அவற்றை வாங்கலாமா?

பதில்: பெரும்பாலும் இணைந்துவிடும், ஆனால் விதிவிலக்குகள்தான் பணத்தை விழுங்குகின்றன. எஸ்.ஐ.பி. என்பது 2002-இல் ஆர்.எஃப்.சி. 3261 என்ற ஆவணமாக நிலைபெற்ற, இணையவழி அழைப்புகளை ஏற்படுத்துவதற்கான பொதுவான நெறிமுறை. யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம், கான்ஃப்டெல், பாலி போன்ற நிறுவனங்களின் எஸ்.ஐ.பி. போன்களை ஆஸ்டெரிஸ்கில் சேர்ப்பது வழக்கமான வேலை. சிஸ்கோ போன்களில் மட்டும் ஒரு கண் வைத்திருங்கள். 7832, 8832 ஆகிய கான்பரன்ஸ் மாடல்கள், அந்நிறுவனத்தின் சொந்த அழைப்பு சர்வருக்கான மென்பொருளோடும் வருகின்றன, பிறருடைய எஸ்.ஐ.பி. சர்வர்களோடு பேசக்கூடிய மென்பொருளோடும் வருகின்றன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். பழைய பொருள்களை விற்பவர் எந்தப் பதிப்பு என்று எழுத்தில் உறுதி சொல்லாவிட்டால் விலகிவிடுங்கள்.

பாலிகாம் நிறுவனத்தின் மூன்று கால் வடிவம் கொண்ட சவுண்ட்ஸ்டேஷன் வரிசையிலும் இதே குழப்பம் உண்டு. அவற்றில் பல, பழைய செப்புக்கம்பி இணைப்புக்கானவை, பெரும்பாலும் ஐ.பி. என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கியவையே நேராக நெட்வொர்க்கில் சேரும். தவறி அனலாக் மாடல் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அனலாக் அடாப்டர் ஒன்றின் வழியாக இணைத்துக்கொள்ளலாம் என்றாலும், அதில் குறுகிய அலைவரிசைக் குரல் மட்டுமே கிடைக்கும். அந்நிறுவனம் 2018-இல் பிளான்ட்ரானிக்ஸ் வசமாகி, பாலி என்று பெயர் மாறி, 2022-இல் எச்.பி. நிறுவனத்திடம் சேர்ந்துவிட்டது. பழைய ஐ.பி. மாடல்களுக்கு மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோயிருப்பதால், இன்றைய சர்வர்கள் கேட்கும் மறைகுறியாக்க முறைகள் சில அவற்றில் இல்லை. உள் நெட்வொர்க்கில் பயன்படுத்தினால் பாதகமில்லை. இணையத்தைக் கடந்து பதிவாக வேண்டிய கிளை அலுவலகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்பு போனைக் கொடுத்திருந்த சேவை நிறுவனம் அதைப் பூட்டி வைத்திருப்பதும், நிர்வாகக் கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் போவதும் பழைய கருவிகளில் சர்வசாதாரணம்.

மின்சாரத்தையும் பாருங்கள். பெரும்பாலான கான்பரன்ஸ் போன்கள் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன; பெட்டியில் அடாப்டர் இல்லாமல் வருபவையும் உண்டு. கிளையின் நெட்வொர்க் ஸ்விட்ச், கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. வசதி கொண்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் ஸ்விட்ச் 15.4 வாட் வரை கொடுக்கும். பெரிய திரையோ கூடுதல் மைக்குகளோ உள்ள சில மாடல்களுக்கு 30 வாட் தரும் 802.3ஏடி தேவைப்படும். ஸ்விட்ச்சை மாற்ற விருப்பமில்லை என்றால் நடுவில் ஒரு பி.ஓ.இ. இன்ஜெக்டரைப் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: கிளை அலுவலகப் போன் தலைமைச் சர்வரில் பதிவாகிறது, மணியும் அடிக்கிறது. ஆனால் எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டுமே கேட்கிறது. சில நேரங்களில் அரை நிமிடத்தில் அழைப்பே துண்டிக்கப்படுகிறது. போன் பழுதா?

பதில்: போனை மாற்றாதீர்கள், பழுது ஏறத்தாழ நிச்சயமாக ரவுட்டர் பக்கம் இருக்கிறது. இணையவழி அழைப்பில் இரண்டு ஓட்டங்கள் உண்டு. அழைப்பை ஏற்படுத்தும் செய்திகள் எஸ்.ஐ.பி. வழியாக, வழக்கமாக 5060 என்ற போர்ட்டில் செல்கின்றன, குரல், ஆர்.டி.பி. எனப்படும் தனி ஓட்டமாக வேறு போர்ட்டுகளில் செல்கிறது. கிளைப் போன் தன்னுடைய உள்முகவரியை, அதாவது 192.168 என்று தொடங்குவது போன்ற ஒன்றை, “குரலை இங்கே அனுப்பு” என்று செய்திக்குள் எழுதி அனுப்புகிறது. அந்த முகவரி கிளையின் சுவருக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், சர்வர் அனுப்பும் குரல் வழியில் தொலைந்துவிடுகிறது. கிளையிலிருந்து வெளியேறும் குரலோ தடையின்றி வந்து சேர்கிறது. ஒருபக்கக் குரலுக்கு இதுவே காரணம்.

அரை நிமிடத் துண்டிப்பும் அதன் உடன்பிறப்புதான். அழைப்பை எடுத்ததற்கான உறுதிச் செய்தி போய்ச் சேராவிட்டால், நெறிமுறையில் விதித்தபடி 32 நொடிகள் திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு அழைப்பு கைவிடப்படுகிறது. உங்கள் அழைப்புகள் தொடர்ந்து 32-ஆவது நொடியை ஒட்டியே அறுந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

முதல் வேலையாக, கிளை ரவுட்டரில் “எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.” என்ற அமைப்பைத் தேடி அணைத்துவிடுங்கள். உதவி செய்வதாக எண்ணி எஸ்.ஐ.பி. செய்திகளைத் திருத்தியெழுதும் அந்த அமைப்பு, பல ரவுட்டர்களில் உதவியைவிட உபத்திரவமே அதிகம் செய்கிறது. அடுத்து ஆஸ்டெரிஸ்கில் அந்தக் கிளையின் எக்ஸ்டென்ஷனுக்கு (உள் இணைப்பு எண்ணுக்கு), குரல் சர்வரைத் தவிர்த்துப் போன்களுக்கிடையே நேராகச் செல்லவிடும் டைரக்ட் மீடியாவை அணைத்து, செய்தியில் எழுதியிருக்கும் முகவரியை விட்டுவிட்டு, குரல் உண்மையில் எங்கிருந்து வருகிறதோ அந்த முகவரிக்கே பதில் குரலை அனுப்பும் அமைப்பை இயக்குங்கள். தலைமை அலுவலக ஃபயர்வாலில் குரலுக்கான போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். ஆஸ்டெரிஸ்கில் அவை வழக்கமாக 10000 முதல் 20000 வரை. இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையே இணையத்தின் ஊடே தனிப் பாதையாக அமையும் நிலையான வி.பி.என். இணைப்பு ஒன்றை ஏற்படுத்திவிட்டால் இவ்வளவு பாடும் தேவையில்லை. கிளையில் ஒன்றுக்கு மேற்பட்ட போன்கள் இருந்தால் அதையே செய்யுங்கள் என்பது என் பரிந்துரை. சர்வரின் எஸ்.ஐ.பி. போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்து வைத்தால், கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி முயற்சிகள் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். ஒன்று பலித்தாலும் வெளிநாட்டு அழைப்புகளுக்கான கட்டணம் உங்கள் தலையில் விழும்.

கேள்வி: கிளையின் இணைய வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? கூட்டத்தில் வெளியாட்கள் நான்கைந்து பேர் சேரும்போது மட்டும் குரல் உடைகிறது.

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியிலேயே விடை இருக்கிறது. வெளியாட்களைக் கிளைப் போனிலிருந்தே ஒவ்வொருவராக அழைத்து, அந்தப் போனின் “கான்பரன்ஸ்” பொத்தானை அழுத்திச் சேர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் எல்லாருடைய குரலையும் கலக்கும் வேலை போனிடம் விழுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் குரல் ஓட்டம் கிளையின் இணைய இணைப்பு வழியாக வந்தும் போயும் ஆக வேண்டியிருக்கிறது. ஜி.711 முறையில் ஓர் அழைப்பு, ஒவ்வொரு குரல் துணுக்கின் முன்னும் சேரும் முகவரித் தகவல்களையும் சேர்த்து, ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 80 முதல் 90 கிலோபிட் எடுத்துக்கொள்ளும். ஐந்து பேர் என்றால் ஏறத்தாழ 450 கிலோபிட். இதே கூட்டத்தைச் சர்வரில் உள்ள கூட்ட அறை எண்ணில் நடத்தி, எல்லாரும் அந்த எண்ணை அழைத்துச் சேர்ந்தால், எத்தனை பேர் இருந்தாலும் கிளையிலிருந்து ஒரே ஓட்டம்தான் செல்லும். ஆஸ்டெரிஸ்கில் கான்ஃப்பிரிட்ஜ் என்ற பெயரில் அந்த வசதி கட்டணமின்றியே இருக்கிறது. எனவே “ஐந்து பேரைச் சேர்க்கலாம், ஏழு பேரைச் சேர்க்கலாம்” என்ற விளம்பர வாசகத்துக்காக விலை உயர்ந்த போனை வாங்க வேண்டாம்.

வேகத்தைவிட, அந்த வேகம் நிலையாக இருப்பதே குரலுக்கு முக்கியம். ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் குரல் சென்று சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. அதற்கு மேல் போகப் போக ஒருவர் பேச்சில் இன்னொருவர் மோதத் தொடங்குவார். கிளையில் யாராவது பெரிய கோப்பைப் பதிவேற்றினாலோ, கணினிகளின் காப்புப் பிரதி எடுக்கும் நேரம் கூட்ட நேரத்தோடு சேர்ந்துகொண்டாலோ, ரவுட்டரின் வாசலில் வரிசை நீண்டு குரல் துணுக்குகள் தாமதமாகின்றன. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, பதிவேற்றத்தின் உச்ச வரம்பை உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி வைத்தால் இது பெருமளவு தீரும். போன் தன் குரல் துணுக்குகளில் இடும் முன்னுரிமைக் குறியை இணையச் சேவை நிறுவனம் மதிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் உங்கள் ரவுட்டரை மதிக்கச் செய்ய முடியும், நெரிசல் பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: புதிய கான்பரன்ஸ் போன் வாங்கிய பிறகு தலைமை அலுவலகத்தில் எங்கள் குரலே எங்களுக்குத் திரும்பக் கேட்கிறது. எங்கள் பக்கப் போனையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். எதிரொலியைக் கேட்பவர் பக்கம் அது உண்டாவதில்லை. எதிர்ப்பக்கத்து அறையில் உண்டாகிறது. கிளையில் ஸ்பீக்கரின் ஒலி அளவை இரண்டு மூன்று படி குறைக்கச் சொல்லுங்கள். யாராவது மடிக்கணினியிலும் அதே கூட்டத்தில் சேர்ந்து அதன் ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அந்த ஒலியை கான்பரன்ஸ் போனால் கழிக்க முடியாது, ஏனென்றால் அதை அனுப்பியது தான் அல்ல.

கேள்வி: எங்கள் கூட்டங்களில் பெரும்பாலானவை கணினியில் வீடியோவோடு நடக்கின்றன. யு.எஸ்.பி. ஸ்பீக்கர்போன் ஒன்றே போதாதா?

பதில்: கூட்டங்கள் எல்லாம் கணினியில்தான் என்றால் அதுவே போதும், விலையும் குறைவு. இரண்டும் கலந்து நடந்தால், யு.எஸ்.பி. அல்லது புளூடூத் வழியாகக் கணினிக்கும் ஸ்பீக்கராக இயங்கும் கான்பரன்ஸ் போனைப் பாருங்கள். வைஃபையில் மட்டும் இயங்கவிடாமல், முடிந்தவரை கேபிளிலேயே இணையுங்கள்.

கேள்வி: கிளைப் போனைத் தலைமைச் சர்வரோடு இணைத்துவிட்டோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: ஒன்று உண்டு, பலர் அதைக் கடைசிவரை யோசிப்பதில்லை. கிளையில் ஒருவர் மயங்கி விழுந்து, அருகில் இருப்பவர் அந்த கான்பரன்ஸ் போனிலேயே அவசர உதவி எண்ணை அழைத்தால், அழைப்பு தலைமை அலுவலகத்தின் வெளி இணைப்பு வழியாகச் செல்லும். உதவி மையத்துக்குத் தலைமை அலுவலகத்தின் எண்ணும் முகவரியுமே தெரியும். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போகும். கிளையின் எக்ஸ்டென்ஷன்களிலிருந்து வரும் அவசர அழைப்புகள் கிளையிலேயே உள்ள ஓர் இணைப்பு வழியாக வெளியேறும்படி சர்வரில் தனி வழித்தடம் அமையுங்கள், அல்லது கிளையின் அழைப்புகள் வெளியே காட்டும் எண்ணுக்குச் சேவை நிறுவனத்திடம் கிளையின் முகவரியைப் பதிவு செய்யுங்கள். மின்சாரம் நின்றால் இந்தப் போனும் நின்றுவிடும் என்பதால், ரவுட்டரையும் பி.ஓ.இ. ஸ்விட்ச்சையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைத்துவிட்டு, அருகில் ஒரு கைப்பேசியும் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.